வார்த்தைக் கணக்கைச் சமன்பாடாக்குவது எப்படி? ஒரு பொய் விடையில் தொடங்குங்கள்

50 மீட்டர் கயிறு ஒன்றை இரண்டாக வெட்டுகிறோம். ஒரு துண்டு மற்றதைவிட 8 மீட்டர் நீளம். ஒவ்வொரு துண்டும் எத்தனை மீட்டர்?

இதைக் கேட்டதும் பலருக்குக் கை தானாக 50ஐப் பாதியாக்கும். 25 வரும். அப்புறம் ஒன்றில் 8ஐக் கூட்டி, மற்றதில் 8ஐக் கழித்து 33, 17 என்று எழுதிவிடுவார்கள். கூட்டிப் பார்த்தால் 50 வருகிறது, சரிதானே? ஆனால் 33க்கும் 17க்கும் வித்தியாசம் 16. கேள்வி சொன்னது 8.

கூட்டல் கழித்தல் நன்றாகத் தெரிந்தவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். கேள்வியில் இரண்டு செய்திகள் உள்ளன: மொத்தம் 50, வித்தியாசம் 8. மனக்கணக்கில் ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. இரண்டையும் ஒரே வரியில் தாளில் பிடித்து வைப்பதற்குத்தான் சமன்பாடு.

வார்த்தைக் கணக்கு என்றாலே பயப்படுபவர்களிடம் 3ய − 4 = 23 என்று ('ய' என்பது தெரியாத எண்) எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். அவர்கள் திணறுவது அந்த வரியை எழுதும் இடத்தில். அதனால் இந்தக் கட்டுரையில் தீர்க்கும் முறையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எழுதுவதற்குத்தான் அதிக இடம்.

முதலில் ஒரு பொய் விடை

கேள்வியைப் படித்ததும் சமன்பாட்டைத் தேடாதீர்கள். வாய்க்கு வந்த ஓர் எண்ணை விடை என்று சொல்லுங்கள். சரியாக இருக்க வேண்டியதே இல்லை. அது சரியா என்று சோதித்துப் பாருங்கள்.

சிறிய துண்டு 20 மீட்டர் என்று வைப்போம். அப்படியானால் பெரிய துண்டு 20 + 8. இரண்டையும் சேர்த்தால்:

20 + (20 + 8)

இது 48. வர வேண்டியது 50. ஆக, 20 தவறு. போகட்டும். நமக்குத் தேவையானது விடை இல்லை, இப்போது சோதித்த விதம்தான். அந்த வரியில் 20 இருக்கும் இடங்களிலெல்லாம் தெரியாத எண்ணுக்கு ஓர் எழுத்தைப் போட்டு, 'வர வேண்டியது 50' என்பதையும் சேர்த்து எழுதுங்கள்:

ய + (ய + 8) = 50

சமன்பாடு வந்துவிட்டது. 2ய + 8 = 50, அதாவது 2ய = 42, ய = 21. துண்டுகள் 21, 29. கூட்டினால் 50, வித்தியாசம் 8.

இதில் ஒரு சின்ன எச்சரிக்கை. சோதிக்கும்போது 20 + 8 என்பதை 28 என்று சுருக்கி எழுதிவிடக் கூடாது. சுருக்கினால் அதற்குள் 20 இருந்த தடயமே அழிந்துவிடும். எழுத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் போகும். கணக்கை முடிக்காமல் அப்படியே நீட்டி எழுதுங்கள்.

பொய் விடையில் தொடங்குவது புதிய தந்திரம் ஒன்றுமில்லை. சுமார் கி.மு. 1550இல் ஆமெஸ் என்ற எகிப்திய எழுத்தர் படியெடுத்த ஒரு பாப்பிரஸ் சுருள் இன்றும் இருக்கிறது; ரைண்ட் பாப்பிரஸ் என்பார்கள். அதில் ஒரு கணக்கு: ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, அந்த அளவு என்ன? விடை 7 என்று முதலில் வைத்துக்கொள்கிறார்கள். 7உம் அதன் ஏழில் ஒரு பங்கான 1உம் சேர்ந்தால் 8. நமக்கு வேண்டியது 19. ஆகவே 8ஐ 19 ஆக்க எத்தனை மடங்கு வேண்டுமோ, 7ஐயும் அத்தனை மடங்காக்குகிறார்கள்: 7 × 19/8 = 133/8, அதாவது 16 5/8. அழகான முறை. ஆனால் நம் கயிற்றுக் கணக்குக்கு இதை அப்படியே போட முடியாது. அங்கே '8 மீட்டர் அதிகம்' என்று தனியாக ஓர் எண் ஒட்டிக்கொண்டிருப்பதால் பொய் விடையை இரு மடங்காக்கினாலும் மொத்தம் இரு மடங்காகாது. எழுத்தைப் போட்டுச் சமன்பாடு எழுதினால் இரண்டு வகையும் தீர்ந்துவிடும்.

எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி

பள்ளிப் புத்தகங்களில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்ற ஆங்கில எழுத்து வரும். அகரவரிசையின் கடைசி எழுத்துகளைத் தெரியாதவற்றுக்கு வைக்கும் இந்த வழக்கம் 1637இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ரெனே டெகார்ட் வெளியிட்ட வடிவியல் நூலிலிருந்து பரவியது. அதற்கு வெகு முன்பே, 12ஆம் நூற்றாண்டில், இந்தியக் கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் 'யா' என்று எழுதினார். 'எவ்வளவோ அவ்வளவு' என்று பொருள்படும் யாவத்-தாவத் என்ற சொல்லின் சுருக்கம் அது. நானும் இங்கே 'ய' என்றே எழுதுகிறேன். பெருக்கல் குறியோடு குழம்பாது என்பது கூடுதல் லாபம்.

எந்த எழுத்து என்பதைவிட, அது எதைக் குறிக்கிறது என்று ஒரு வரி எழுதி வைப்பதுதான் முக்கியம். 'ய = கயிறு' என்று எழுதினால் போதாது. 'ய = சிறிய துண்டின் நீளம், மீட்டரில்' என்று எழுத வேண்டும். எழுத்து எப்போதும் ஓர் எண்ணைத்தான் குறிக்கும்; பொருளையோ ஆளையோ அல்ல. இந்த ஒரு வரியை விடுபவர்கள் கடைசியில் ய = 21 என்று கண்டுபிடித்துவிட்டு, அது சிறிய துண்டா பெரிய துண்டா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

உருபுகளைக் கவனியுங்கள்

தமிழில் கேட்கப்படும் கணக்குகளில் ஒரு வசதி உண்டு. எதிலிருந்து எதைக் கழிப்பது, எதை எதனால் வகுப்பது என்பதையெல்லாம் வேற்றுமை உருபுகளே சொல்லிவிடும். சொற்கள் எந்த வரிசையில் வந்தாலும் உருபைப் பார்த்தால் போதும்.

ஓர் எண்ணிலிருந்து 5ஐக் கழிக்க: ய − 5
5இலிருந்து ஓர் எண்ணைக் கழிக்க: 5 − ய
ஓர் எண்ணை 4ஆல் வகுக்க: ய/4
4ஐ ஓர் எண்ணால் வகுக்க: 4/ய

'இலிருந்து' ஒட்டிய எண் முதலில் வரும், 'ஐ' ஒட்டியது கழிபடும். வகுத்தலில் 'ஐ' ஒட்டியது மேலே, 'ஆல்' ஒட்டியது கீழே.

அடுத்து, அடைப்புக்குறி எங்கே வேண்டும் என்பது. 'ஓர் எண்ணின் இரு மடங்குடன் 7ஐக் கூட்ட' என்றால் 2ய + 7. 'ஓர் எண்ணுடன் 7ஐக் கூட்டி, வரும் தொகையை இரு மடங்காக்க' என்றால் 2(ய + 7). முதலாவதில் எண் மட்டும் இரட்டிப்பாகிறது; இரண்டாவதில் 7உம் சேர்ந்து இரட்டிப்பாகிறது. 'கூட்டி', 'கழித்து' போன்ற எச்சங்களைக் கண்டால் அதுவரை நடந்ததை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள். பெரும்பாலும் தப்பு வராது.

அதிகம் பேரை வீழ்த்துவது 'விட', 'போல்' இரண்டும்தான். 'ஒரு குழுவில் பெண்கள் ஆண்களைப்போல் இரு மடங்கு' என்ற வரியைப் பார்த்து, பெண்களின் எண்ணிக்கை 'பெ', ஆண்களின் எண்ணிக்கை 'ஆ' என்று வைத்து, 2பெ = ஆ என எழுதுபவர்கள் ஏராளம். பெண்கள் என்ற சொல்லோடு இரண்டு என்ற சொல்லைக் கண் சேர்த்துவிடுகிறது. பொய் விடையைக் கூப்பிடுங்கள்: ஆண்கள் 10 என்றால் பெண்கள் 20. 20ஐப் பெற 10ஐத்தான் இரண்டால் பெருக்கினோம். ஆகவே பெ = 2ஆ. 'விட', 'போல்' எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறதோ அதுதான் அடிப்படை. அதற்கே ய என்று பெயர் வைப்பது பெரும்பாலும் வசதி.

'இரு மடங்கு அதிகம்' என்று எழுதுபவர்களும் உண்டு. 2ய என்கிறார்களா, ய + 2ய என்கிறார்களா? பெரும்பாலும் முதலாவதுதான் அவர்கள் மனத்தில் இருக்கும். கேள்வி தயாரிக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால் தயவுசெய்து 'இரு மடங்கு' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தீர்க்கும் முறை, சுருக்கமாக

அடைப்புக்குறிகளைப் பிரித்து எழுதுங்கள். பின்னங்கள் இருந்தால் கீழெண்களின் மீச்சிறு பொது மடங்கால் எல்லா உறுப்புகளையும் பெருக்கி அவற்றைப் போக்குங்கள். ய உள்ளவற்றை ஒரு பக்கமும் வெறும் எண்களை மறுபக்கமும் சேருங்கள். கடைசியில் யவின் கெழுவால், அதாவது யவைப் பெருக்கி நிற்கும் எண்ணால், வகுங்கள். அவ்வளவுதான்.

'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள். வேகத்துக்கு அது நல்லது. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் 3ய = 12 என்பதைப் பார்த்ததும் 3ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய் 'ய = 12 − 3' என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் எதுவும் எங்கும் போவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே செயலைச் செய்கிறோம். 2ய + 8 = 50 என்றால் இரு பக்கமும் 8ஐக் கழிக்கிறோம். 3ய = 12 என்றால் இரு பக்கத்தையும் 3ஆல் வகுக்கிறோம். குழப்பம் வரும்போதெல்லாம் இதற்குத் திரும்புங்கள். அல்ஜீப்ரா என்ற சொல்லே 9ஆம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலுள்ள 'அல்-ஜப்ர்' என்பதிலிருந்து வந்தது. ஒரு பக்கத்தில் கழிபட்டுக் கிடப்பதை இரு பக்கமும் கூட்டி ஈடுசெய்வதற்கு அவர் வைத்த பெயர் அது.

இன்னொரு கெட்ட பழக்கம்: 3ய = 27 = 9 என்று ஒரே வரியில் ஓட்டுவது. 27உம் 9உம் எப்போது சமமாயின? ஒரு வரிக்கு ஒரு சமக்குறி போதும்.

வயதுக் கணக்கு: சிறிய அட்டவணை போடுங்கள்

தாய்க்கு 36 வயது, மகளுக்கு 8. இன்னும் எத்தனை ஆண்டுகளில் தாயின் வயது மகளின் வயதைப்போல் மூன்று மடங்காகும்?

வயதுக் கணக்கில் 'இப்போது', 'அப்போது' என்று இரண்டு காலங்கள் வரும். தாளில் இரண்டு பத்தி போட்டுவிடுங்கள். இப்போது: 36, 8. ய ஆண்டுகள் கழித்து: 36 + ய, 8 + ய. இருவருக்கும் வயது கூடும் என்பதை மறப்பதுதான் இங்கே வழக்கமான பிழை. மூன்று மடங்கு என்ற செய்தி இரண்டாவது பத்தியைப் பற்றியது:

36 + ய = 3(8 + ய)
36 + ய = 24 + 3ய
12 = 2ய
ய = 6

ஆறு ஆண்டுகளில் 42, 14. மூன்று மடங்குதான். அடைப்புக்குறியை விட்டுவிட்டு 3 × 8 + ய என்று எழுதியிருந்தால் 36 + ய = 24 + ய என்று வந்து, 36 = 24 என்ற அபத்தத்தில் முட்டி நின்றிருப்போம். அப்படி முட்டினால் பயப்பட வேண்டாம்; பெரும்பாலும் ஓர் அடைப்புக்குறி காணாமல் போயிருக்கும்.

சரி, அதே தாயும் மகளும். இப்போது ஐந்து மடங்கு என்று கேட்டால்? 36 + ய = 5(8 + ய), அதாவது 36 + ய = 40 + 5ய. −4 = 4ய. ய = −1. பலர் இங்கே தவறு செய்துவிட்டதாக நினைத்துத் தாளையே அடித்துவிடுவார்கள். கழித்தல் குறி இங்கே ஒரு செய்தி சொல்கிறது: 'இன்னும்' −1 ஆண்டு என்றால் ஓராண்டுக்கு முன்பு. அப்போது தாய்க்கு 35, மகளுக்கு 7. ஐந்து மடங்கு!

எண் கணக்கு: நடுவிலிருந்து தொடங்குங்கள்

அடுத்தடுத்த மூன்று ஒற்றை எண்களின் கூடுதல் 57. அவை எவை? முதல் எண்ணை ய என்று வைத்தால் ய, ய + 2, ய + 4. தவறில்லை. ஆனால் நடு எண்ணை ய என்று வைத்துப் பாருங்கள்: ய − 2, ய, ய + 2. கூட்டினால் 2கள் அடிபட்டு 3ய = 57. ய = 19. விடை 17, 19, 21. எதற்கு ய என்று பெயர் வைக்கிறோம் என்பது பாதி வேலையைக் குறைக்கும்.

கூடுதல் 60 என்று கேள்வியில் இருந்தால் ய = 20 வரும். அது ஒற்றை எண் இல்லை. சமன்பாடு சரி, தீர்த்ததும் சரி. அப்படி மூன்று எண்கள் இல்லை என்பதே விடை.

வேகக் கணக்கு: அலகைக் கூடவே எழுதுங்கள்

ஒருவர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்து புறப்படுகிறார். அரை மணி நேரம் கழித்து, அதே இடத்திலிருந்து இன்னொருவர் சைக்கிளில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் பின்தொடர்கிறார். எவ்வளவு நேரத்தில் எட்டிப் பிடிப்பார்?

எட்டிப் பிடிக்கும் கணத்தில் எது சமம்? இருவரும் கடந்த தூரம். இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது. ஒரே அளவை இரண்டு விதமாகச் சொல்ல முடிகிறதா என்று தேடுங்கள். சமக்குறி அங்கேதான் உட்காரும். ய = சைக்கிள் ஓடிய நேரம், மணியில். நடந்தவர் அரை மணி கூடுதலாக நடந்திருக்கிறார்.

12ய = 4(ய + 1/2)
12ய = 4ய + 2
8ய = 2
ய = 1/4

கால் மணி, அதாவது 15 நிமிடம். சைக்கிள் சென்றது 3 கிலோமீட்டர். நடந்தவர் முக்கால் மணியில் அதே 3 கிலோமீட்டர்.

அரை மணிக்குப் பதிலாக 30 என்று போட்டிருந்தால்? 12ய = 4(ய + 30), ய = 15. வேடிக்கையாக அதுவும் சரிதான், ய நிமிடத்தில் இருக்கிறது என்று நினைவிருந்தால்! 'ய மணி நேரம்' என்று முதல் வரியில் எழுதிவிட்டு 30ஐப் போட்டவர், 15 மணி நேரம் சைக்கிள் மிதித்து 180 கிலோமீட்டர் போய்த்தான் பிடித்தார் என்று விடை எழுதுவார்.

கரைசல், குழாய்

10 சதவீத உப்புக் கரைசல் 200 கிராம் இருக்கிறது. அதை 8 சதவீதமாக்க எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும்? கலவைக் கணக்கில் 'மாறாதது எது' என்று கேளுங்கள். தண்ணீர் கூடுகிறது, மொத்தம் கூடுகிறது, சதவீதம் குறைகிறது. உப்பு மட்டும் அதே 20 கிராம். சேர்க்கும் தண்ணீர் ய கிராம் என்றால், புதிய கரைசலில் 8 சதவீதம்தான் அந்த 20 கிராம்: (8/100)(200 + ய) = 20. ஆகவே 200 + ய = 250, ய = 50 கிராம்.

குழாய்க் கணக்கில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பங்கு நிறைகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு குழாய் தொட்டியை 4 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 6 மணி நேரத்தில். இரண்டையும் திறந்தால்? சராசரி எடுத்து 5 என்று சொல்லிவிடாதீர்கள். முதல் குழாய் தனியாகவே 4 மணியில் நிரப்பிவிடுமே. ய மணியில் முதலாவது ய/4 பங்கு, இரண்டாவது ய/6 பங்கு, இரண்டும் சேர்ந்து ஒரு முழுத் தொட்டி: ய/4 + ய/6 = 1. 12ஆல் பெருக்கினால் 3ய + 2ய = 12, ய = 2.4 மணி. இது 2 மணி 40 நிமிடம் அல்ல, 0.4 மணி என்பது 24 நிமிடம். 2 மணி 24 நிமிடம்.

சரிபார்க்கும்போது

விடையை நீங்கள் எழுதிய சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. சமன்பாடே தவறாக இருந்தாலும் அங்கே பொருந்திவிடும். கேள்வியின் வாக்கியங்களுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாகச் சோதியுங்கள். 33, 17 பிடிபட்டது அப்படித்தான். இது தொடக்கத்தில் பொய் விடைக்குச் செய்த அதே சோதனை. இந்த முறை பொருந்த வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக ஒரு பழைய புதிர்

டையோஃபாண்டஸ் என்ற கிரேக்கக் கணித அறிஞரின் வயதைப் பற்றி ஒரு பழைய புதிர்ப் பாடல் உண்டு. வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு அவருடைய குழந்தைப் பருவம். மேலும் பன்னிரண்டில் ஒரு பங்கு கழிந்ததும் தாடி அரும்பியது. மேலும் ஏழில் ஒரு பங்கு கழிந்து திருமணம். ஐந்து ஆண்டுகளில் ஒரு மகன் பிறந்தான். அந்த மகன் வாழ்ந்தது தந்தையின் வாழ்நாளில் பாதிதான். மகன் இறந்து நான்கு ஆண்டுகளில் தந்தையும் இறந்தார். அவர் வாழ்ந்தது எத்தனை ஆண்டுகள்?

தாளை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். பொய் விடையாக எந்த எண்ணை வைப்பது வசதி? 6, 12, 7, 2 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் எண் என்றால் பின்னத் தொல்லை இருக்காது. அவற்றின் மீச்சிறு பொது மடங்கு 84. சோதித்தால் 14 + 7 + 12 + 5 + 42 + 4 = 84. பொய் விடையே மெய் விடையாகிவிட்டது! இப்படி எப்போதும் வாய்க்காது, அதனால் சமன்பாட்டையும் எழுதிவிடுங்கள்:

ய/6 + ய/12 + ய/7 + 5 + ய/2 + 4 = ய

84ஆல் பெருக்கினால் 14ய + 7ய + 12ய + 420 + 42ய + 336 = 84ய. அதாவது 75ய + 756 = 84ய, 9ய = 756, ய = 84. திருமணம் 33 வயதில், மகன் பிறந்தது 38இல், 42 வயது மகனைப் பறிகொடுத்தது 80இல்.